சக்கரம் காலில் சேராது

கூலாய்,
5 மார்ச் 2025

மதிப்பிற்குரிய கமலநாதன் மாமாவுக்கு,

உங்கள் மருமகள் பிரவீனா எழுதுவது. பதிவுத் தபால் கிடைத்தது. தபால்காரர் கையெழுத்துக் கேட்டதும் நீதிமன்றத்திலிருந்து ஏதோ வந்திருக்கிறது என்று அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிரித்தால் நீங்கள். நீதிமன்றமே பரவாயில்லை என்றேன். அம்மா முறைத்தார்.

அம்மா பதில் எழுத மாட்டாராம். "அண்ணன் உன் பேருக்குத்தானே எழுதியிருக்காரு, நீயே எழுது. ஆனா மரியாதையா எழுது லா," என்றார். எழுதுகிறேன். மரியாதை எந்தப் பத்தியில் வருகிறது என்று நீங்களே தேடிக்கொள்ளுங்கள்.

தைப்பூசத்தன்று கோயில் வாசலில் அத்தனை பேர் பார்க்க எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தீர்கள். "உன் மக மதி, சர்ச்சுக்குப் போற அந்த வேதக்காரப் பையனைக் கட்டிக்கிட்டா உன் வீட்டுல கால் வைக்க மாட்டேன், உங்க யாருகிட்டயும் வாய் தொறக்க மாட்டேன்" என்று சத்தியம் செய்தீர்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, கடிதம் வந்துவிட்டது. கடிதம் எழுதுவது கை, வாய் அல்ல என்று முதல் பத்தியிலேயே விளக்கம் வேறு. அப்படியானால் வாட்ஸ்அப்பும் கைதானே மாமா? அதில் நீல டிக் விழும், டிக் விழுந்தால் அது பேச்சு என்று அதற்கும் ஒரு விதி வைத்திருப்பீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். மின்சாரக் கார் வாங்கிவிட்டீர்கள். சாலை வரி கிடையாது என்று வாங்கினீர்கள். ஜொகூர் பாருவில் உங்கள் கொண்டோ அடுக்குமாடியில் சார்ஜ் பெட்டி மாட்ட நிர்வாகம் விடவில்லை. வீட்டுக் கூரையில் சோலார் போட்டால் தள்ளுபடி கிடைக்கிறது. ஆனால் உங்களுக்குக் கூரை இல்லை, உங்கள் தலைக்கு மேலே அடுத்த மாடிக்காரர் நடந்துகொண்டிருக்கிறார். தள்ளுபடிக்குத் தரை வீட்டு மின்கணக்கு வேண்டும், அந்தக் கணக்குக்காரர் கையெழுத்தும் வேண்டும். உடனே உங்களுக்குத் தங்கை மலரின் ஞாபகம் வந்துவிட்டது.

தள்ளுபடி என்ற சொல்லை நீங்கள் இரண்டாகப் பிரித்துப் படித்திருக்கிறீர்கள். தங்கையைத் தள்ளு, அவள் கூரைக்குப் படி போடு. அக்காவின் கூறைப்புடவைக்கு வர மாட்டீர்கள், எங்கள் கூரைக்கு மட்டும் வருவீர்கள்.

அம்மாவுக்கு வேண்டியதையும் எழுதிவிடுகிறேன், அவர் வாயால் சொல்ல மாட்டார். ஜூலை ஆறாம் தேதி அக்காவை மணமேடைக்குக் கைபிடித்து அழைத்து வரத் தாய்மாமன் வேண்டும். அப்பா இல்லாத வீடு. மண்டபக்காரர், "பொண்ணுகூட யாரு நடந்து வருவா?" என்று கேட்டதற்கு, அம்மா யோசிக்காமல், "எங்க அண்ணன்தான்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்தப் பொய்யை நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இப்படிக்கு,
கூரைக்கு அடியில் வசிக்கும்
பிரவீனா

*

ஜொகூர் பாரு,
11 மார்ச் 2025

செல்வி பிரவீனாவுக்கு,

உன் கடிதத்தில் இருந்த எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இந்த ஆண்டு எஸ்.பி.எம். தேர்வு எழுதப் போகிற பிள்ளை. நக்கலுக்கு மதிப்பெண் கிடையாது.

முதலில் ஒரு விஷயம். தைப்பூசத்தன்று என் புதுக் காரின் பின்புறம் பேரங்காடியின் "இன்றைய சலுகை" ஸ்டிக்கரை ஒட்டியது யாரென்று எனக்குத் தெரியும். அதோடு நான் மறுநாள் அலுவலகம் போனேன். காப்பீட்டு அலுவலகத்தில் கிளை மேலாளராக இருப்பவன் நான். கீழே வேலை பார்ப்பவர்கள் காரைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். காரின் அழகுக்கு என்று நினைத்துச் சிரித்தபடி நானும் அவர்களோடு நின்றேன்.

சலுகை தேடுவது கேவலம் என்று நினைக்கிறாய். அரசாங்கம் கொடுப்பதை எடுக்கத் தெரியாதவர்கள்தான் காலம் முழுக்க மாதக் கடைசியில் முழிப்பவர்கள். உன் அம்மா செனாயில் இருக்கிற தொழிற்சாலையில் இத்தனை வருடம் நிற்கிறாள், ஒரு வரி விலக்காவது ஒழுங்காகக் கேட்டிருப்பாளா? அந்த மலிவு விலை வீட்டுக் கூரைக்கு இப்போதுதான் முதல் முறையாக ஒரு மதிப்பு வரப்போகிறது. செலவு முழுக்க என்னுடையது. அவள் செய்ய வேண்டியது கையெழுத்துப் போடுவது மட்டும். கோட்டா நிரம்பிவிட்டால் எல்லாம் போச்சு, ஆகவே சீக்கிரம்.

சார்ஜ் பெட்டியை கேட் தூணின் வெளிப்பக்கம் மாட்ட வேண்டும். நான் சாலையில் நின்றபடியே கம்பியைச் செருகிக்கொள்வேன். உங்கள் வீட்டுக்குள் வர அவசியம் இருக்காது.

கல்யாணத்தைப் பற்றி இனி எழுதாதே. விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிற பையன். எங்கிருந்தோ சிம்பாங் ரெங்கத்திலிருந்து வந்து... சரி, வேண்டாம். சூடம் அடித்த கை இது.

கமலநாதன்

*

கூலாய்,
18 மார்ச் 2025

மாமா,

அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். தாள்கள் உள்ளே இருக்கின்றன.

ஒரு நிபந்தனையும் இல்லை. நான் பேனாவைப் பிடுங்கிப் பார்த்தேன். "கல்யாணத்துக்கு வந்தாத்தான் கையெழுத்துன்னு எழுதுங்கம்மா. இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது," என்றேன். "கூரையைக் காட்டி அண்ணனைக் கூப்பிடணுமா? அப்படி வந்தா அது வர்றதா?" என்று கேட்டார். பேனாவைக் கொடுத்துவிட்டேன். வாலண்டைன் அத்தான் அப்போது இங்கேதான் இருந்தார். நீங்கள் சொன்ன "பெட்டி தூக்குகிற பையன்" அவர்தான். நம்முடைய ஒட்டு மாமரக் கிளை ஒன்று கூரையில் படர்ந்திருந்ததே, அதை ஏறி வெட்டிக் கொடுத்தார். உங்கள் பலகைகளுக்கு நிழல் விழக் கூடாதாம்.

உங்களுக்கு வரி விலக்கு, எங்களுக்கு உறவு விலக்கு. நல்ல பங்கீடு.

ஸ்டிக்கரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இன்னும் நிறைய இருக்கிறது.

பிரவீனா

*

ஜொகூர் பாரு,
12 மே 2025

பிரவீனா,

இதைக் கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபத்தில்தான் எழுதுகிறேன்.

சோலார் போடும் அன்று நான் அலுவலகத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். சத்தியத்தை மதித்து, உங்கள் கேட்டுக்கு எதிரே சாலையின் அந்தப் பக்கம், குடை பிடித்துக்கொண்டு நின்றேன். தாமான் குடியிருப்பில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் ஐஸ் விற்க வந்தவன் என்று நினைத்து என்னைச் சுற்றி நின்றார்கள். சாலையில் நின்று கத்துவது என் பதவிக்கு அழகல்ல. அதனால்தான் மேஸ்திரிக்குக் கையால் காட்டினேன். கேட் தூணைக் காட்டினேன். வெளிப்பக்கம் என்று கையைச் சுழற்றிக் காட்டினேன். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிக் காட்டுவது?

மேஸ்திரி உன்னிடம் திரும்பி ஏதோ கேட்டான். நீ என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அவனிடம் ஏதோ சொன்னாய். அவன் பெட்டியைக் கொண்டுபோய் கார் நிறுத்தும் போர்ச்சின் கடைசியில், சமையலறைச் சுவர் ஓரமாக மாட்டிவிட்டான். கேட்டிலிருந்து கம்பி எட்டாது. அளந்து பார்த்தேன், கண்ணாலேயே.

என்ன சொன்னாய் அவனிடம்?

இன்னொன்று. மிச்சமாகிற மின்சாரத்தின் வரவு உன் அம்மாவின் கணக்கில்தான் சேருமாம். கொண்டோவுக்கு மாற்ற முடியாதாம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

கமலநாதன்

*

கூலாய்,
16 மே 2025

அன்புள்ள மாமா,

மேஸ்திரி, "பாக்சிக் அபா சாக்காப்?" என்று கேட்டார். மாமா என்ன சொல்கிறார் என்றுதானே கேட்கிறார், நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். நீங்கள் தூணைக் காட்டினீர்கள்: "தூண்ல வேணாம், மழை படும்." கையைச் சுழற்றினீர்கள்: "நல்லா உள்ள தள்ளி, சுவரோட சேர்த்து." குடையை ஆட்டினீர்கள்: "காசு பத்தி கவலைப்படாதீங்க." வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இருந்திருக்காது.

வரவு விஷயம் நீங்கள் அனுப்பிய தாளிலேயே இருக்கிறது. வரியை விலக்கத் தெரிந்தவர் வரியைப் படிக்க மறந்துவிட்டீர்கள். நான் படித்தேன். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

ஆக, உங்கள் சோலார் இப்போது எங்கள் மின்விசிறியைச் சுற்றுகிறது. அம்மாவுக்குச் சங்கடம். "அண்ணன் காசுல காத்து வாங்குற மாதிரி இருக்கு" என்று விசிறியைக் குறைத்து வைக்கிறார். நான் ஏற்றி வைக்கிறேன்.

போட்ட காசு வீணாகாமல் இருக்க ஒரே வழி, காரைக் கேட்டுக்கு உள்ளே கொண்டு வந்து சார்ஜ் செய்வது. கேட் திறந்துதான் இருக்கிறது. எப்போதும் திறந்துதான் இருந்தது.

பிரவீனா

*

ஜொகூர் பாரு,
21 மே 2025

பிரவீனாவுக்கு,

நன்றாக யோசித்துவிட்டேன். நான் செய்த சத்தியத்தின் வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். "கால் வைக்க மாட்டேன்" என்றுதான் சொன்னேன். சக்கரம் காலில் சேராது.

ஆகவே ஜூன் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை வருவேன். காரை உள்ளே கொண்டு வந்து நிறுத்துவேன். இறங்க மாட்டேன். கம்பியை நீ செருக வேண்டும். சார்ஜ் ஏறும்வரை காருக்குள்ளேயே இருந்து செய்தித்தாள் படிப்பேன், பிறகு கிளம்பிவிடுவேன். காரை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்பதால்தான் நானே வருகிறேன். யாரும் என்னிடம் பேச வேண்டாம், நானும் பேச மாட்டேன். கண்ணாடி ஏற்றியே இருக்கும்.

பேட்டரி முழுவதையும் தீர்த்துவிட்டு வருகிறேன். ஏற்றுவதானால் முழுதாக ஏற்ற வேண்டும்.

கமலநாதன்

*

கூலாய்,
26 மே 2025

மாமா,

வரிச் சட்டத்தில் ஓட்டை தேடிய கண், இப்போது முருகனிடமும் ஓட்டை தேடுகிறது. அவர் வேலை வைத்திருக்கிறார், பார்த்து.

எட்டாம் தேதி தாராளமாக வாருங்கள். அன்றைக்கு வீட்டில் சின்ன விசேஷம், நாலு பேர் வருவார்கள். உங்களுக்குத்தான் கண்ணாடி ஏற்றியிருக்குமே.

பிரவீனா

*

ஜொகூர் பாரு,
9 ஜூன் 2025

பிரவீனா,

என் வாழ்நாளில் இப்படி ஓர் அவமானம் பட்டதில்லை.

நாலு பேர் என்று எழுதினாய். சிம்பாங் ரெங்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் புடவையும் தட்டும் கொண்டு வருகிற நாளை, திட்டமிட்டு, நான் வரும் நாளில் வைத்திருக்கிறாய். வேனை கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டார்கள். உள்ளே நான், வெளியே வேன். போர்ச்சில் காருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற இடம்தான். வந்தவர்கள் ஒவ்வொருவராக என் கண்ணாடியை உரசிக்கொண்டு, குனிந்து, எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். அருங்காட்சியகத்தில் வைத்த பொருள் போல உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பையனின் அம்மா, டொரத்தி என்கிறார்களே, அவர் கண்ணாடியைத் தட்டி ஒரு தட்டு கேக் நீட்டினார். பெரிய மனுஷி கையில் தட்டோடு மழைச் சாரலில் நிற்கும்போது எப்படிக் கண்ணாடியை இறக்காமல் இருப்பது? மழை வேறு. வெயிலே இல்லை. இலவச மின்சாரம் வாங்க வந்த அன்று வானம் பூராவும் கறுத்துக் கிடந்தது.

அதன் பிறகு நீ. பார்லித் தண்ணீர் கொண்டு வந்தாய். வாங்கிக் குடித்தேன். இன்னொன்று கொண்டு வந்தாய், அம்மா கொடுத்ததென்று. அதையும் குடித்தேன். தர்ப்பூசணி கொண்டு வந்தாய். குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது, மழை கொட்டிக்கொண்டிருந்தது, என் நிலைமையை நான் விவரிக்க விரும்பவில்லை. அப்போதும் சத்தியத்தை மீறாமல், வாய் திறக்காமல், உன்னைக் கூப்பிட்டுச் சுண்டு விரலை உயர்த்திக் காட்டினேன். பள்ளிக்கூடம் போன எந்தப் பிள்ளைக்கும் அதற்கு அர்த்தம் தெரியும்.

நீ தலையாட்டிவிட்டுப் போய் இன்னொரு பார்லி கொண்டு வந்தாய்.

வேன் சாவி யாரிடம் இருந்தது?

அதற்கு மேல் நடந்தது நடக்கவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. குறிப்பாக உன் அத்தையிடம்.

கமலநாதன்

*

கூலாய்,
13 ஜூன் 2025

மாமா,

வேன் சாவி என் பாவாடைப் பையில் இருந்தது. சுண்டு விரலை "இன்னும் ஒரே ஒரு தம்ளர்" என்று மொழிபெயர்த்தேன். கை மொழியில் நான் எவ்வளவு மட்டம் என்று சார்ஜ் பெட்டி மாட்டிய அன்றே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நடந்தது நடக்கவில்லை என்கிறீர்கள். நடக்கவில்லைதான், ஓடினீர்கள். கார் கதவு திறந்த வேகத்தில் டொரத்தி ஆன்ட்டியின் தட்டு பறந்தது. நடுக் கூடத்தில் அத்தனை பேர் பாயில் உட்கார்ந்திருக்க, வந்தவர்கள் சேறாக்கியிருந்த போர்ச்சில் இறங்கிய காலணியோடு, "மலரு, வழி விடு! வழி விடு!" என்று கத்திக்கொண்டு நீங்கள் வந்தீர்கள். கால் வைத்தாயிற்று, வாயும் திறந்தாயிற்று. இரண்டையும் ஒரே மூச்சில் தீர்த்துவிட்டீர்கள்.

பெரிய இடத்துப் பையனாக இருந்திருந்தால் சிரித்திருப்பான். நீங்கள் குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது கதவுக்குப் பக்கத்தில் துண்டோடு நின்றது "பெட்டி தூக்குகிற பையன்". அவர் சிரிக்கவில்லை. சிரித்தது நான் ஒருத்திதான். அக்காவிடம் கிள்ளும் வாங்கினேன். "சாப்பிடுங்க பெரியவரே," என்று தட்டைக் கொடுத்ததும் அவர்தான். உட்கார்ந்தால் சத்தியம் மீறும், நின்றால் மீறாது என்று அந்த நொடியில் ஒரு புது விதி கண்டுபிடித்து, நின்றபடியே இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டீர்கள். மீன் குழம்புக்கு விதிவிலக்கு போலிருக்கிறது.

உங்களை அசிங்கப்படுத்தத்தான் இவ்வளவும் செய்தேன். வேறு நல்ல எண்ணம் எதுவும் இல்லை. அம்மாவைக் கோயில் வாசலில் நிற்க வைத்து நீங்கள் பேசிய பேச்சுக்கு, ஒரு நாளாவது நீங்கள் ஒரு வாசலில் மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். முழித்தீர்கள். எனக்குத் திருப்தி. இதோடு நிறுத்தியிருப்பேன்.

ஆனால் நீங்கள் போன பிறகு ஒன்று நடந்தது. வாசலிலிருந்து கூடம் வரை உங்கள் காலணித் தடம், ஒவ்வொன்றும் அச்சு அச்சாக. வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு போனேன். அம்மா, "விடு. நாளைக்குக் கழுவிக்கலாம்," என்றார். மறுநாளும் விடவில்லை. வேலைக்குப் போகும்போது தடத்தை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிப் போனார். "அண்ணன் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு, கேட்டியா?" என்று மூன்றாவது முறையாக என்னிடம் கேட்டார். வழி விடச் சொன்னதைத்தான் அப்படிச் சொல்கிறார்.

இன்றைக்கும் கழுவவில்லை. எறும்பு வந்துவிட்டது. நான் என்ன செய்யட்டும் சொல்லுங்கள்.

ஜூலை ஆறாம் தேதி அக்கா தனியாக நடந்து போனால், உங்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு இன்னும் நிறையக் காரணம் கிடைக்கும். ஆனால் அன்றைக்குச் சிரிப்பு வராது என்று நினைக்கிறேன்.

பிரவீனா

*

ஜொகூர் பாரு,
27 ஜூன் 2025

பிரவீனா,

கோயிலுக்குப் போய் ஐயரிடம் கேட்டேன். அடித்த சூடத்துக்கு என்ன பரிகாரம் என்று. என்ன காரணத்தால் மீறினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். மனிதர் மணியைக் கீழே வைத்துவிட்டு மூலஸ்தானத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சாமி மன்னித்துவிட்டார் என்றார், முகத்தைக் காட்டாமல்.

என் கருத்து எதுவும் மாறவில்லை. அந்தப் பையனைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான். துண்டு கொடுத்தான், அது வேறு.

மதி மண்டபத்துக்கு வாடகைக் காரில் போக வேண்டாம். என் காரில் வரட்டும். சத்தமில்லாத கார், மேளம் நன்றாகக் கேட்கும். மண்டபத்தில் அவளோடு யார் நடந்து வருவது என்பதை உன் அம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டாள் என்று எழுதியிருந்தாய். அவளைப் பொய்க்காரி ஆக்க எனக்கு விருப்பமில்லை.

முதல் நாள், சனிக்கிழமை, சார்ஜ் ஏற்ற வருவேன். கேட்டுக்குக் குறுக்கே எந்த வேனும் நிற்கக் கூடாது. பார்லி வேண்டாம். உன் அத்தையும் வருகிறாள். அவளிடம் ஒன்றும் சொல்லிவிடாதே.

எறும்பு வருகிறது என்றால் மருந்து தெளி. கழுவ வேண்டாம் என்று மலரிடம் சொல். எப்படியும் சனிக்கிழமை மழை பெய்யும், மறுபடியும் சேறாகும்.

மாமா